தொண்ணூற்றெட்டுக்காரரின் கடைசி டேங்க்

இதனால் சகல வேகப்பிரியர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: நமது சங்கத்தின் மூத்த தூணும், தன் வாகனத்துக்கு வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தரங்குறைந்த எரிபொருளைக் காட்டாதவருமான அமரர் 'தொண்ணூற்றெட்டு' அவர்களின் தேர், வரும் சனிக்கிழமை முற்பகல் தன் வயிற்றிலுள்ள பழம்பெட்ரோலைத் துறந்து, புதுப்பெட்ரோல் ஏற்று, மறுநாள் காலை உறுப்பினர்கள் புடைசூழ ஊர்வலமாகப் புறப்பட்டு, சங்க வளாகத்தில் நிரந்தரமாக எழுந்தருளும். அமரரின் கடைசி டேங்க் பெட்ரோல் சிறு குப்பிகளில் அடைக்கப்பட்டு உறுப்பினர்களுக்கு நினைவுப் பொருளாக வழங்கப்படும். புகைபிடிப்போர் தள்ளி நிற்கவும்.

கடைசி வரியை மட்டும் யாரோ விவரமானவர் சேர்த்திருக்க வேண்டும்.

தேர் என்பது ஒரு கார். நீல நிறம், இரண்டு கதவு, பின்னால் துணி காயப்போடலாம் போல ஒரு இறக்கை. சங்க வளாகம் என்பது சங்கத் தலைவரின் பல் மருத்துவமனைக்குக் கீழே நோயாளிகள் ஸ்கூட்டர் நிறுத்தும் இடம். மூத்த தூண் என்பவர் குடிநீர் மீட்டர் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகக்கூடிய காரை வைத்திருந்த அவர், மாடிக்கு மாடி கொட்டாவி விட்டுக்கொண்டு ஏறும் அலுவலக லிஃப்டில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், மாரடைப்பால் போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டத்தில் தலைவர் "வேகத்தின் மடியில் உயிர் நீத்தவர்" என்று பேசினார். லிஃப்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் மனைவிக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க" என்று நாள் முழுக்க மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், அவர் போன அன்று தானும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். "இப்ப விடலாம்" என்று அவளிடம் சொல்ல ஆளில்லாமல் மாதங்கள் ஓடிவிட்டன. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருக்குமே, அப்படி இருந்தது வீடு. யார் எதைக் கேட்டாலும் "ம்" என்றாள். காரைச் சங்கத்துக்குக் கொடுக்கலாமா என்று தலைவர் கேட்டபோதும் அதே "ம்" தான். தலைவர் அதைக் கண்ணீர் மல்கிய சம்மதம் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்.

அவளிடம் அவரைப் பற்றி மிஞ்சியிருந்தது ஒரே ஒரு நிச்சயம். சனிக்கிழமை.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் சாவியை எடுப்பார். "பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்" என்பார். ஊருக்குள் எல்லாப் பங்கிலும் கிடைப்பது தொண்ணூற்றொன்று ஆக்டேன் பெட்ரோல்தான். தொண்ணூற்றெட்டு வேண்டுமென்றால் நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் என்னவோ. பொழுது சாயும்போது திரும்புவார். கல்யாணமான புதிதில் "நானும் வரட்டுமா" என்று கேட்டிருக்கிறாள். "எடை கூடும்" என்றார். அந்த எடை அப்படியே வீட்டில் தங்கிவிட்டது. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஒரு சனிக்கிழமை. அன்றும் அவர் பெட்ரோல் போடத்தான் போனார்.

அவள் அதைப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு கணக்கு இருந்தது. மற்ற வீடுகளில் குடிக்கப் போகிறார்கள், சீட்டாடப் போகிறார்கள், சொல்ல முடியாத இடங்களுக்கும் போகிறார்கள். இவர் பெட்ரோல் போடப் போகிறார். பைத்தியம்தான், ஆனால் கலப்படமில்லாத பைத்தியம். புருஷன் எங்கே என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய பெண்கள் எத்தனை பேர்? அவள் அவர்களில் ஒருத்தி. மற்ற எல்லாம் மரத்துப்போன பிறகும் அந்த ஒன்றை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அதுவும் போனால் அந்த மனிதரோடு வாழ்ந்ததற்கு அவள் கையில் ஒரு பிடிமானமும் கிடையாது.

சனிக்கிழமை முற்பகல் சங்கத்தார் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரிச் சட்டையில் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். சட்டை முதுகில் தீப்பிழம்பு. வயிறுகள் அந்தத் தீப்பிழம்பை முன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. மெக்கானிக் ஒருவர் காருக்கடியில் பாதி உடம்பை விட்டிருந்தார். நாத்தனார், அதாவது அமரரின் தங்கை, டீ கொண்டுவந்து கொடுத்தாள். துக்க வீட்டிலும் வாய் சும்மா இருக்காத பெண்.

"ஏன் டாக்டர், பழைய பெட்ரோலோட ஓட்டினா என்ன? கார் என்ன வாந்தியா எடுக்கும்?"

தலைவர் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போலத் தொண்டையைச் செருமினார்.

"நல்ல கேள்வி. ஆக்டேன் என்றால் என்ன? பலரும் அதைப் பெட்ரோலின் சக்தி என்று நினைக்கிறார்கள். அறியாமை. ஆக்டேன் என்பது பொறுமை. சிலிண்டருக்குள் பிஸ்டன் பெட்ரோலையும் காற்றையும் போட்டு நசுக்குகிறது. தரங்குறைந்த பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல், பிளக் பொறி வைக்கும் முன்பே தானாக வெடித்துவிடும். அப்போது எஞ்சினுக்குள் டொக் டொக் என்று ஒரு சத்தம் வரும். அது எஞ்சினின் சாவுமணி. உயர்ந்த பெட்ரோல் எவ்வளவு நசுக்கினாலும் பொறுத்திருந்து, சொன்ன நேரத்தில் மட்டும் எரியும். அமரர் அப்படிப்பட்ட பெட்ரோலை மட்டுமே தொட்டார். ஏனென்றால் அவரே அப்படிப்பட்டவர்."

"எங்கண்ணனா? பொறுமையா?" என்றாள் நாத்தனார். "சட்டையில பட்டன் இல்லைன்னா வீட்டையே ரெண்டாக்குவானே. எவ்வளவு நசுக்கினாலும் தாங்கற ஆள் இந்த வீட்டுல வேற. அந்தா, கதவுகிட்ட நிக்கிது."

எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். அவள் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தலைவர் மேலே தொடர்ந்தார். கிடப்பில் போட்ட பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் பிசின் பிடிக்கும், கண்ட ஈரத்தையும் உறிஞ்சும், அப்படிப்பட்டதை இந்தக் காருக்கு ஊட்டுவது குழந்தைக்கு ஊசிப்போனதை ஊட்டுவது போல என்றார். அதுவரைக்கும் அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து குப்பிகளை வெளியே வைத்தார். விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் தங்க எழுத்தில் '98', கீழே 'அவர் தொட்டது' என்று அச்சிட்ட சீட்டு. உறுப்பினர்கள் வரிசையில் நின்றார்கள். தீர்த்தம் வாங்கக் கூட இவ்வளவு ஒழுங்காக நின்றிருக்க மாட்டார்கள்.

மெக்கானிக் எரிபொருள் குழாயைக் கழற்றி வெள்ளைக் கேனுக்குள் விட்டார். பெட்ரோல் கொடகொடவென்று இறங்கியது. வார்னிஷ் வாடை அடித்தது.

நிறம் சிவப்பு.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். கலப்படம் செய்பவர்களைப் பிடிப்பதற்காக இந்தக் கதை நடக்கும் நாட்டில் பெட்ரோலுக்குச் சாயம் போட்டுத்தான் விற்கிறார்கள். தொண்ணூற்றொன்று சிவப்பு. தொண்ணூற்றெட்டு பச்சை. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தாய்மொழி மாதிரித் தெரியும்.

வரிசையில் முதலில் நின்றவர் நீட்டிய குப்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நாள்பட்டுச் சாயம் மாறியிருக்கும்" என்றார் தலைவர்.

"பச்சை சிவக்கறதுக்கு அது என்ன மிளகாயா?" என்றார் மெக்கானிக், காருக்கடியிலிருந்தபடியே. "சாயம் வெளுக்கும் டாக்டர். கட்சி மாறாது."

"ஒருவேளை கடைசித் தடவை மட்டும் அவசரத்துக்கு..." என்று இழுத்தார் ஒருவர்.

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். பெட்ரோல் மூடியின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். அங்கே சங்கத்தின் தீப்பிழம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி உரித்தார். அடியில் கார் கம்பெனி அச்சடித்த இரண்டு வரிகள்: தொண்ணூற்றெட்டு நல்லது. குறைந்தபட்சம் தொண்ணூற்றொன்று.

"கம்பெனிக்காரனே விட்டுக்கொடுத்திருக்கான்" என்றார். "உள்ள ஒரு சென்சார் காது வச்சுக் கேட்டுட்டே இருக்கும். டொக்குன்னா உடனே பொறிய கொஞ்சம் தள்ளி வைக்கும். இழுவை ஒரு பிடி குறையும், அவ்வளவுதான். ஊருக்குள்ள ஓட்டறவனுக்கு அது எங்க தெரியப்போகுது? வால்வுல, டேங்க் வாயில எல்லாம் சிவப்புக் கறை ஏறிக் கெடக்கு டாக்டர். ஒரு தடவை ரெண்டு தடவை போட்டதுல வர்ற கறை இல்ல. வருஷக்கணக்கு."

தீப்பிழம்புச் சட்டைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. அந்தக் கார் கிளம்பும்போது எழுப்பும் உறுமலைக் கேட்டு "கேளுங்க, தொண்ணூற்றெட்டோட குரல்" என்று கண்ணை மூடி நின்றவர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் தன் காரைப் பற்றி எதையோ நினைத்தது போலிருந்தது.

தலைவர்தான் சமாளித்தார். சங்கம் நடத்துவது என்றால் சும்மாவா.

"கண்ணாடிக் குப்பி வேண்டாம். வெயில் பட்டால் பெட்ரோல் கெட்டுவிடும். அலுமினியக் குப்பி வாங்கி ஊற்றலாம். சீட்டு இதே சீட்டு போதும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சீல் வைத்த டின்னிலிருந்து பந்தயக் காருக்கு ஊற்றும் பெட்ரோலை டேங்க் நிறைய ஊற்றினார்கள். தலைவர் அவளிடம் வந்து, "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க தங்கச்சி. நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறோம்" என்றார்.

"ம்" என்றாள்.

அவர்கள் போனதும் வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு வார்னிஷ் வாடையும் மிஞ்சினார்கள். அவள் கோப்பைகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். நாத்தனார் துடைக்கிற துணியோடு பக்கத்தில் நின்றாள்.

"எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்ல அண்ணி."

"நான் எதுவும் கேக்கலயே."

"கேக்காம கேக்கறீங்கல்ல. முதுகு கேக்குது."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

"அப்ப சனிக்கிழமையெல்லாம் எங்க போனார்?"

நாத்தனார் துணியை உதறினாள். மடித்தாள். பிறகு, "ஒருத்தியும் இவனைச் சகிச்சிருக்க மாட்டா அண்ணி. நீங்களே ஒரு அதிசயம்" என்றாள். ஆறுதல்தான். அண்ணனைக் காப்பாற்றுவதற்கு அவளுக்கு அதைவிட நல்ல வாதம் கிடைக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே ஏதாவது வலிக்கிறதா என்று கவனித்தாள். ஒன்றுமில்லை. எக்ஸ்ரே தட்டில் படம் விழாமல் வெறும் சாம்பலாக வரும் சில நாட்களில். கருவி ஓடியிருக்கும், ஆள் படுத்திருப்பார், படம் மட்டும் இருக்காது. அப்படி இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும். வலிக்கிறதோ இல்லையோ, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு நாத்தனார் கண்ணயர்ந்த பிறகு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். அவளிடம் லைசென்ஸ் உண்டு. தினமும் வேலைக்குப் போக ஒரு பழைய சின்னக் காரும் உண்டு. இந்தக் காரை மட்டும் அவர் தொடவிட்டதில்லை. வேறு கை பட்டால் எஞ்சினின் பழக்கம் கெட்டுவிடும் என்பார். திருகினாள். உறுமியது. பந்தயப் பெட்ரோல் என்பதால் உறுமலில் வித்தியாசம் இருக்குமோ என்று கேட்டுப் பார்த்தாள். எப்போதும் போலத்தான் இருந்தது.

பெட்ரோல் சிவப்பென்றால் அதை எங்கேயோ போட்டிருக்க வேண்டும். வீட்டிலிருந்து மிக அருகில் இருந்த பங்க், இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்கு எதிரே. தேடுவதை அங்கிருந்து தொடங்கினாள்.

பம்ப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும், தலையில் தொப்பி. காரைப் பார்த்ததுமே சிவப்புக் குழாயை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடி இறங்கி, உள்ளே வேறு முகம் தெரிந்ததும் நின்றாள்.

"அட, நீலக் காரு. சார் வரலயா?"

"இல்ல."

"வண்டிய வித்துட்டாரா? எத்தன மாசமா காணோம். நானும் நெனச்சுட்டே இருந்தேன்." டேங்க் மூடியைத் தட்டினாள். "எப்பவும் போல ஃபுல்லா?"

"ஃபுல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

நியாயமான கேள்வி. அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இங்கதான் போடுவாரா?"

"சனிக்கிழமையானா கடிகாரம் தேவையில்ல எங்களுக்கு. வருவார், சிவப்ப போடுவார், அந்தப் பக்கம் போயிடுவார்."

"எந்தப் பக்கம்?"

பெண் குழாயாலேயே காட்டினாள். காற்றுப் பிடிக்கும் இடத்துக்குப் பின்னால், சுவர் ஓரம், ஒரு கார் நிற்கும் அளவுக்கு நிழல்.

"அங்கயா? அங்க யாரு இருக்கா?"

"யாரு இருப்பா, பழைய டயருதான் இருக்கும். அங்க நிறுத்திட்டுப் படுத்துடுவார் அக்கா. அசந்து தூங்குவார். வாயத் தெறந்துட்டு. ஆரம்பத்துல பயந்துபோய் ரெண்டு தடவ கண்ணாடியத் தட்டிப் பாத்தேன், உசிரோட இருக்காரான்னு. ஒரு கண்ணத் தெறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்குவார்."

"தனியாவா?"

"பின்ன? தூங்கறதுக்கு ஜோடி வேணுமா?" என்று சொல்லிவிட்டு, கேட்டவள் முகத்தைப் பார்த்துப் பெண் குரலை இறக்கினாள். "தனியாத்தான் அக்கா. ஒரு நாள்கூட யாரும் வந்து நான் பாத்ததில்ல. போன்ல பேசிக்கூடப் பாத்ததில்ல."

"ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்ற ஆளா அவர்? ஒரே ஒரு நாள் மனசு கேக்காம நானே கேட்டுட்டேன். வீட்டுல கட்டில் இல்லையா சார்னு."

"என்ன சொன்னார்?"

"இருக்குன்னார்."

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. பெண் கையைக் காட்டி அதைப் பொறுக்கச் சொன்னாள். "நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

"ம்."

"கேட்டதா சொல்லுங்க."

அவள் காரை நகர்த்தினாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காற்றுக் குழாயைச் சுற்றி, பழைய டயர்களை ஒட்டி, சுவரோர நிழலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.

இன்னொருத்தி இருந்திருந்தால் அழுதிருக்கலாம். சண்டை போடலாம், செத்தவரோடு என்றாலும். சங்கத்தார் நினைப்பது போல அவர் பெரிய பெட்ரோல் பக்தராக இருந்திருந்தால் பெருமைப்படலாம், இல்லை சிரித்தாவது தொலைக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் விரித்துப்போட்ட கட்டில், அவள் துவைத்த தலையணை உறை, அவள் இழுத்துவிட்ட திரை எல்லாம் இரண்டு தெரு தள்ளி இருந்தன. அவர் அங்கிருந்து எழுந்து வந்து இங்கே, டயர் நாற்றத்தில், காற்றுப் பிடிக்கும் கருவியின் டிங் டிங் சத்தத்தில் தூங்கியிருக்கிறார். வாரம் தவறாமல். மிகுந்த விருப்பத்தோடு.

கைப்பையில் போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, எங்க இருக்கீங்க? வண்டியக் காணோம்."

"பக்கத்துலதான்."

"எங்க பக்கத்துல? டாக்டர் போன் பண்ணிட்டார். நாளைக்கு ஊர்வலத்துக்கு மாலை எந்த நிறத்துல வாங்கறதுன்னு கேக்கறார். பச்சைல வாங்கவான்னு கேக்கறார். நான் என்ன சொல்ல?"

"எதையாவது வாங்கச் சொல்லு."

"வண்டிய குடுத்துடப் போறோமா இல்லையா அண்ணி? அதையாவது சொல்லுங்க."

"எடுத்துட்டுப் போகட்டும்."

"எங்கண்ணன் விஷயம் ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. நீ சொன்னது சரிதான். ஒருத்தியும் இல்ல."

நாத்தனார் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. "நான்தான் சொன்னேனே" என்றாள் சந்தோஷமாக. "என் அண்ணனைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

போனை வைத்தாள். வேன்காரர் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்விட்டார். தொப்பிப் பெண் தூரத்திலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கத் தொடங்கினாள். எவரும் எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் பக்கவாட்டில் தடவி, சீட்டைச் சாய்க்கும் நெம்புகோலைக் கண்டுபிடித்தாள். இழுத்ததும் முதுகுச் சாய்வு சட்டென்று பின்னால் விழுந்தது. கால்களை நீட்டினாள். கண்களை மூடினாள். இவ்வளவு வருஷம் ஒரு மனிதர் தன் வீட்டைவிட மேலென்று தேடி வந்த இடம் எப்படி இருக்கிறது என்று, மூச்சை விட்டுவிட்டு, நிதானமாகப் பொறுத்திருந்து பார்த்தாள்.

சீட் அவ்வளவு ஒன்றும் வசதியாக இல்லை.